அவசரமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

கம்ப்யூட்டர் வைத்திருப்போரிடையே இன்று இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. 'அப்டேட்' என்ற பெயரில் எது வந்தாலும், வந்த நிமிஷமே அதை யந்திரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. 'நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் கைவைப்பானேன்?' என்று கேட்டு, அப்டேட் வரும் வழியையே அடைத்துவிடுவது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரிடமும் ஓரளவு நியாயம் இருக்கிறது; ஆயினும் இரண்டு கட்சியாரும் தவறான முடிவுக்கே வந்திருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இது என்ஜினீயர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமென்று நமது வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. பத்திரப் பதிவு முதல் பள்ளிச் சான்றிதழ் வரையில், சம்பளப் பட்டி முதல் அச்சுக்கூடத்துப் புரூப் வரையில், சகல காரியங்களும் இன்று கம்ப்யூட்டரை நம்பியே நடக்கின்றன. அந்த யந்திரம் ஒரு நாள் காலையில் எழ மறுத்தால் நின்றுபோவது யந்திரம் மட்டுமல்ல. ஒருவனுடைய பிழைப்பும் அன்றைக்கு நின்றுவிடுகிறது. ஆகவே, யந்திரத்தில் எந்த மாறுதலை எப்பொழுது ஏற்பது என்பது பொதுஜனங்கள் யாவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகிறது.

நம் நாட்டில் பெரும்பாலான காரியாலயங்களில் வழங்குவது மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ். அதற்குரிய திருத்தங்களை அவர்கள் 2003-ம் வருஷம் அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் செவ்வாய் காலை பத்து மணி என்பது நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே நமது யந்திரங்களில் இவை பெரும்பாலும் புதன்கிழமைதான் வந்து சேருகின்றன. இரண்டாவது செவ்வாய் எப்பொழுதும் 8-ந் தேதிக்கும் 14-ந் தேதிக்கும் இடையில் வருவது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் காட்டும் வியாபாரிகள் தங்கள் விற்பனை விவரத்தை 11-ந் தேதிக்குள் சமர்ப்பிக்க வேண்டுமென்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே யந்திரத்தை வைத்துக்கொண்டு பத்துக் கடைகளின் கணக்கை எழுதிக் கொடுக்கும் கணக்கருக்கு, கெடு நாளும் அப்டேட் நாளும் ஒன்றாக வந்து வாய்ப்பது எவ்வளவு சகஜமென்பது விளங்கும்.

முதலில் அப்டேட்டே வேண்டாமென்போரின் வாதத்தை ஆராய்வோம். 2017-ம் வருஷம் மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்னும் விஷமப் புரோகிராம் உலகமெங்கும் பரவியது. யந்திரத்திலுள்ள ஃபைல்களையெல்லாம் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்போம் என்று மிரட்டிய கொள்ளை அது. சுமார் 150 தேசங்களில் இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 81 டிரஸ்டுகளின் வேலை பாதிக்கப்பட்டது. வைத்தியரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் பெற்றிருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நமது அண்டை ராஜ்யமாகிய ஆந்திரத்தில் போலீஸ் இலாகாவின் சில கம்ப்யூட்டர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தத் திருடன் நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தம் அதே வருஷம் மார்ச் 14-ந் தேதியே வெளியாகிவிட்டது. இடையில் இருந்த அவகாசம் 59 நாட்கள்! பாதிக்கப்பட்ட ஆங்கில வைத்திய ஸ்தாபனங்கள் எல்லாவற்றிலும், திருத்தம் ஏற்றப்படாத விண்டோஸோ, கம்பெனியார் கைவிட்டுவிட்ட பழைய விண்டோஸோதான் இருந்ததென்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் தனது அறிக்கையில் கண்டது. திருத்தத்தை ஏற்றுமாறு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பியிருந்தும் பயனில்லாமற் போயிற்று. கதவுக்குத் தாழ்ப்பாள் செய்து கொண்டுவந்து வாசலிலே வைத்த பிறகும், அதைப் பொருத்திக்கொள்ள மனமில்லாதவன் திருட்டைப் பற்றிப் புலம்பி என்ன பிரயோஜனம்? 'எனக்கு அப்டேட்டே வேண்டாம்' என்போர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி, வந்ததையெல்லாம் உடனே ஏற்றுக்கொள்வோரின் கட்சியைக் கவனிப்போம். 2018-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வெளியாயிற்று. அதை ஆவலுடன் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருடைய தஸ்தாவேஜுகளும் படங்களும் மாயமாய் மறைந்துபோயின. தங்கள் ஃபைல் பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்றியமைத்திருந்தவர்களுடைய யந்திரத்தில், பழைய பெட்டி காலியாகத்தான் இருக்குமென்று அனுமானித்துக்கொண்டு, அதற்குள் ஃபைல்கள் இருந்தபோதிலும் அப்டேட் அதை அழித்துவிட்டது. கம்பெனியார் அதே வாரத்தில் விநியோகத்தை நிறுத்தினார்கள். நவம்பர் 13-ந் தேதி திருத்திய பதிப்பை மறுபடி வெளியிட்டார்கள். இழப்பைப் பற்றிப் புகார் வந்தது பதினாயிரத்தில் ஒருவரிடமிருந்துதான் என்றும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஒருவன் தன் குழந்தைகளின் படங்களையோ பத்து வருஷத்துக் கணக்கையோ இழந்திருந்தால், மற்ற ஒன்பதினாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் சௌக்கியம் அவனுக்கு என்ன ஆறுதல் தரும்?

இதில் நமக்கு விசேஷமாகப் படுவது வேறொன்று. இந்தப் பிழையை, வெளியீட்டுக்கு முன்னரே சோதித்துப் பார்க்க முன்வந்த தொண்டர்களிற் சிலர் கண்டுபிடித்துத் தெரிவித்திருந்தார்கள். குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான குறிப்புகளுக்கிடையே அவர்கள் குரல் கம்பெனியார் காதில் விழவில்லை. ஒவ்வொரு புகாரும் எவ்வளவு கடுமையானதென்று எழுதுவதற்கு ஒரு தனி இடத்தை அதற்குப் பிறகுதான் அமைத்தார்கள். ஆகவே, 'இவ்வளவு பெரிய கம்பெனியார் சோதிக்காமலா அனுப்புவார்கள்?' என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்வது விவேகமாகாது. சோதனை நடப்பது மெய். சோதனையில் தெரிந்தது உரியவர் காதில் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது உதாரணம் எல்லாவற்றிலும் பெரியது. 2024-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி, கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காப்பதற்கென்றே ஏற்பட்ட கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கம்பெனியார் அனுப்பிய ஒரு சிறிய ஃபைல், உலகமெங்கும் சுமார் 85 லக்ஷம் விண்டோஸ் யந்திரங்களை ஒரே நாளில் முடக்கிவிட்டது. அந்த ஃபைல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. யந்திரத்திலிருந்த புரோகிராம் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போன புரோகிராம் விண்டோஸையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனி ஒன்று மட்டும் சுமார் 7,000 விமானங்களை ரத்துச் செய்ய நேர்ந்தது. இந்தியாவில் விமான நிலையங்களிலே பிரயாணிகளுக்குக் கையினால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள். பிழையைக் கண்டுபிடித்து அந்த ஃபைலை வாபஸ் வாங்க 78 நிமிஷம்தான் ஆயிற்று. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட யந்திரங்களில் பலவற்றை ஒவ்வொன்றாக, மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் எழுப்ப வேண்டியிருந்தது.

இது விண்டோஸின் அப்டேட் அல்ல, அதன்மீது ஏறி நின்ற வேறொரு கம்பெனியின் அப்டேட் என்பது உண்மையே. ஆயினும் பாடம் ஒன்றுதான். அந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களில் முன்ஜாக்கிரதையுள்ளவர்கள், புதிய பதிப்பு உடனே வேண்டாம், ஒரு பதிப்புப் பின்தங்கியே இருக்கிறோம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடு பெரிய பதிப்புகளுக்குத்தான் செல்லும், இத்தகைய சிறு ஃபைல்களுக்குச் செல்லாது என்று வைத்திருந்தபடியால், காத்திருந்தவர்களும் காத்திராதவர்களும் ஒன்றாகவே விழுந்தார்கள். விபத்துக்குப் பிறகுதான் சிறு ஃபைல்களையும் எப்பொழுது ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அந்தக் கம்பெனியார் வாடிக்கைக்காரர்களுக்கு வழங்கினார்கள்.

இந்த மூன்று சம்பவங்களின் கால அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கெட்ட அப்டேட்டின் குற்றம் ஒன்றில் 78 நிமிஷத்தில் வெளிப்பட்டது. மற்றொன்றில் சில நாட்களில் வெளிப்பட்டது. திருத்தத்தை ஏற்றாமல் விட்ட துவாரத்தின் வழியாகப் பெருங்கொள்ளை நுழைய 59 நாளாயிற்று. வெளியான தினத்துக்கும் இரண்டாவது மாதத்துக்கும் இடையே, அபாயம் இரண்டு பக்கத்திலும் குறைந்திருக்கும் ஒரு காலம் உண்டு. சாதாரண மாதத் திருத்தத்தை ஏறக்குறைய ஒரு வாரம் பொறுத்து, இடையில் பெரும் புகார் எதுவும் கிளம்பவில்லையென்று பார்த்துக்கொண்டு, பிறகு தவறாமல் ஏற்றிவிடுவதே உத்தமமான வழி.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படும். எல்லோரும் ஒரு வாரம் காத்திருந்தால் குற்றம் யார் கண்ணில் படும் என்பது ஒன்று. புதியதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே தங்கள் இஷ்டத்தினால் முன்வந்தவர்கள் உலகில் ஏராளமாக இருக்கிறார்கள். சோதனைக்கென்று தனி யந்திரங்களை வைத்துக்கொள்ளச் சக்தியுள்ள பெரிய ஸ்தாபனங்களும் இருக்கின்றன. ஒரே யந்திரத்தை நம்பிப் பிழைப்பவன் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டுமென்பது எந்த நியாயத்திலும் சேராது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சில துவாரங்களைத் திருத்தம் வெளியாவதற்கு முன்பே திருடர்கள் உபயோகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவை இன்னின்னவை என்று மைக்ரோஸாப்ட் கம்பெனியாரே தங்கள் மாதப் பட்டியலில் குறிப்பிடுகிறார்கள். இந்திய சர்க்காரின் செர்ட்-இன் ஸ்தாபனமும் எச்சரிக்கை வெளியிடுகிறது. அவ்வித எச்சரிக்கை வந்தால் ஒரு வாரம் என்ற கணக்கு செல்லாது; உடனே ஏற்றிவிட வேண்டும். கிருமிநாசினிப் புரோகிராமுக்குத் தினந்தோறும் வரும் அடையாளக் குறிப்புகளையும் நிறுத்திவைக்கலாகாது. விதி எதுவென்று தெரிந்தவனுக்கே விலக்கு எதுவென்றும் தெரியும்.

காத்திருப்பதற்கு வேண்டிய வசதி யந்திரத்திலேயே இருக்கிறது. 2019-ம் வருஷம் மே மாதத்து விண்டோஸ் 10 முதற்கொண்டு, வீட்டு உபயோகத்துக்கான ஹோம் பதிப்பிலும், அப்டேட்டை ஏழு ஏழு நாளாக 35 நாள் வரையில் நிறுத்திவைக்கலாம். புரோ பதிப்பில் மாதத் திருத்தங்களை 30 நாள் வரையிலும், பெரிய வருஷப் பதிப்பை 365 நாள் வரையிலும் தள்ளிப்போட முடியும். வேலை நேரம் இன்னதென்று குறித்துவைத்தால், அந்த நேரத்தில் யந்திரம் தானாக அணைந்து எழுந்திருக்காது. 'கிடைத்தவுடனே புதியதைப் பெறுக' என்று ஒரு பொத்தானும் உண்டு. வேலைக்கான யந்திரத்தில் அதை அணைத்தே வைக்க வேண்டும். இவை எல்லோர் கைக்கும் எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு, எங்கோ கேட்ட யுக்தியின்படி அப்டேட் வரும் வழியை நிரந்தரமாக அடைப்பது, தெருவில் தூசு வருகிறதென்று வீட்டுக் கிணற்றைத் தூர்ப்பது போன்றது.

ஆனால் காத்திருப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி, கெட்டது நேர்ந்தால் திரும்பி வருவதற்கு வழி வைத்துக்கொள்வது. அப்டேட்டுக்கு முன்னால் ஃபைல்களுக்கெல்லாம் ஒரு பிரதி எடுத்து, தனி டிஸ்க்கில் வைத்து, அந்த டிஸ்க்கை யந்திரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். யந்திரத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் பிரதியை, வான்னாக்ரை போன்றதொரு கொள்ளை மூலத்தோடு சேர்த்தே பூட்டிவிடும். இன்டர்நெட்டில் தானாகச் சேமிக்கப்படும் ஃபைல்களை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. இங்கே அழிந்தது அங்கேயும் அழியும் ஏற்பாடு அது. எடுத்த பிரதியிலிருந்து ஒரு ஃபைலையாவது மீட்டுத் திறந்து பார்க்காதவன், பிரதி இருக்கிறதென்று சொல்ல உரிமையற்றவன். 'ரிஸ்டோர் பாயின்ட்' என்னும் ஏற்பாடு விண்டோஸின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும். ஆனால் சொந்த ஃபைல்களை அது காப்பாற்றாது. மாதத் திருத்தத்தைத் தனியே நீக்க இடமுண்டு. பெரிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்ப சாதாரணமாகப் பத்து நாட்கள்தான் கெடு. அதற்குள் டிஸ்க்கைச் சுத்தம் செய்கிறோமென்று பழைய பதிப்பை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

இன்னும் ஒன்றுண்டு. 2024-ம் வருஷம் ஜூலை மாதத் திருத்தத்துக்குப் பிறகு, பிட்லாக்கர் என்னும் பூட்டு இருந்த சில யந்திரங்கள், எழுந்தவுடனே 48 இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்டன. அந்தக் குற்றம் ஆகஸ்டில் நிவர்த்தியாயிற்று. ஆனால் அன்றைய தினம் சாவி கையில் இருந்தவன் பத்து நிமிஷத்தில் வேலைக்குத் திரும்பினான். தன் யந்திரத்துக்கு அப்படியொரு சாவி இருக்கிறதென்பதையே அறியாதவன் சொந்த ஃபைல்களுக்கு வெளியே நின்று தவித்தான். வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள், இந்த 48 இலக்கத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி அதனோடு வைத்துக்கொள்வார்களாக.

இதுவரை கூறியது உபயோகிப்போரின் கடமை. கம்பெனியாருக்குக் கடமை இல்லையா? அவர்கள் நடந்துகொண்ட விதமே ஜனங்களை அவநம்பிக்கையில் தள்ளியது என்பதை மறைப்பதில் பயனில்லை. 2016-ம் வருஷத்தில் விண்டோஸ் 7, 8 உபயோகித்தவர்களுக்கு, விண்டோஸ் 10-க்கு மாறும்படி ஓர் அறிவிப்புத் திரையில் தோன்றியது. வேண்டாமென்று நினைத்து மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடியவர்களை, குறித்த நேரத்தில் மாற்றச் சம்மதித்தவர்களாகவே கம்பெனியார் பாவித்தார்கள். புகார்கள் கிளம்பிய பின்னரே அந்த முறை மாற்றப்பட்டது. கலிபோர்னியாவில், தாம் கேட்காமல் நடந்த இந்த மாற்றத்தால் தமது தொழில் கெட்டதென்று ஒரு பெண்மணி வழக்காடி 10,000 டாலர் நஷ்டஈடு பெற்றார். மறுத்தவனைச் சம்மதித்தவனாகக் கணக்கெழுதுவது எந்த வியாபார தர்மத்தில் சேர்ந்தது? இப்படி ஏமாந்தவன் அடுத்த தடவை நல்ல திருத்தத்தையும் சந்தேகிப்பான். சந்தேகித்து வழியை அடைப்பான். அடைத்தபின் வான்னாக்ரைக்கு இரையாவான். நம்பிக்கையைக் கெடுப்பவன் பாதுகாப்பையே கெடுக்கிறான்.

ஆகவே கம்பெனியாரிடம் நாம் கேட்பவை மூன்று. துவாரத்தை அடைக்கும் திருத்தத்தையும், புதிய அலங்காரங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பலாகாது. திருத்தத்தில் என்ன மாறுகிறதென்பதைச் சாமானியனுக்கு விளங்கும் பாஷையில் சொல்ல வேண்டும். திரும்பிப் போகும் வழியை எப்பொழுதும் திறந்து வைக்க வேண்டும். இவை நடக்காத காரியங்கள் அல்ல. லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியனில், நிலையான பதிப்பு ஒன்று வெளியானால், அதன் ஆயுள் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்கள் அநேகமாகப் புதுமைகளின் கலப்பில்லாமலே வருகின்றன. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து வருஷம் இவ்வாறு திருத்தம் வழங்கப்படுகிறது. அங்கும் பிழை நேர்வதுண்டு; அங்கும் பிரதி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் காவலையும் கவர்ச்சியையும் பிரித்து வைக்க முடியும் என்பதற்கு அவை சாட்சி.

பழைய யந்திரங்களை வைத்திருப்போரின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2015-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி வெளியான விண்டோஸ் 10-க்கு, 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு சாதாரணமான ஆதரவு முடிந்தது. அதன்பின் தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகஸ்தர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரையில் பாதுகாப்புத் திருத்தம் தருவதாகக் கம்பெனியார் அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஓரளவு புதிய பிராஸஸரும் வேண்டும். நல்ல நிலையில் ஓடும் எத்தனையோ யந்திரங்களுக்கு இவை இல்லை. திருத்தம் வராத யந்திரம் இன்டர்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அபாயம் கூடுகிறது. புதியது வாங்கச் சக்தியில்லாதவர்கள் அதை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பதைவிட, பிரதி எடுத்துக்கொண்டு உபுண்டு, மின்ட் போன்ற இலவச சிஸ்டங்களுக்கு மாறிவிடுவது மேல். தங்கள் கணக்குப் புரோகிராமும் பிரின்டரும் அதில் வேலை செய்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியது மட்டும் அவசியம்.

கடைசியாக, சர்க்கார் காரியாலயங்களுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும், பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. தனி மனிதனுக்கு ஒரு வாரப் பொறுமை போதும். நூற்றுக்கணக்கான யந்திரங்களை வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்கு ஒழுங்கான முறை வேண்டும். முதல் இரண்டு நாளில் சில யந்திரங்கள், பிறகு ஓர் இலாகா, பிறகு எல்லாம் என்று படிப்படியாகத் திருத்தத்தை ஏற்றுவதே அந்த முறை. எந்தத் தேதியில் எதை ஏற்றினோமென்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஓர் உத்தியோகஸ்தர் பொறுப்பாளியாக இருக்க வேண்டும். யந்திரங்கள் நின்றுபோகும் நாளில் காகிதத்தில் வேலையை நடத்துவது எப்படியென்று சிப்பந்திகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு யந்திரம் விழுந்தால் அது விபத்து. முன்னேற்பாடு செய்யக் கடமைப்பட்ட ஸ்தாபனத்தில் எல்லா யந்திரமும் ஒரே நாளில் விழுமானால், அதன் நிர்வாகிகள் ஜனங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

யந்திரத்தை விலைகொடுத்து வாங்கியவன் அதன் எஜமானன். எஜமானத்துவம் என்பது வருவதையெல்லாம் தடுப்பதிலும் இல்லை. வருவதற்கெல்லாம் தலையாட்டுவதிலும் இல்லை. எதை, எப்பொழுது ஏற்பதென்று தானே அறிந்து தீர்மானிப்பதில் இருக்கிறது. அந்த உரிமையைக் கம்பெனியார் மதிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஜனங்கள் ஏற்க வேண்டும். அடுத்த இரண்டாவது செவ்வாய் வருவதற்குள் நமது வாசகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஃபைல்களுக்கு ஒரு பிரதி எடுத்து, அதைத் திறந்து பார்த்துவிட்டிருப்பார்கள் என்று நம்புகிறோம்.